கன்ட்ரோலர் 948 காட்டுது, உள்ள எலிமென்ட் தொங்குது: தப்பு எங்க?

கேள்வி: வணக்கம் சார். ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட் ஒண்ணுல மெயின்டனன்ஸ் பாக்குறேன். எங்ககிட்ட இருக்கிறது 90 கிலோவாட் எலக்ட்ரிக் ஃபர்னஸ், மூணு ஃபேஸ், எஸ்எஸ்ஆர் (பவரை ஆன் ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வச்ச கன்ட்ரோல், நைக்ரோம் எலிமென்ட் (சூடேத்துற கம்பி), உள்ள சூடு தாங்குற ஃபைபர் லைனிங், கே டைப் தெர்மோகப்பிள் (ரெண்டு கம்பி சேர்ந்த சூடு அளக்குற சென்சார்) ஒண்ணே ஒண்ணு. வழக்கமா 950 டிகிரில ஓடும். போன மாசம் நைட் ஷிஃப்ட்ல ஓவர்ஹீட் ஆயிடுச்சு. காலைல கதவைத் திறந்தா ட்ரே வளைஞ்சு கிடக்கு, ஒரு பக்கச் சுவர்ல எலிமென்ட் தொங்குது, ரெண்டு இடத்துல அறுந்தும் போச்சு, ஜாப் (சூடேத்த வச்ச பாகங்கள்) முழுக்க ஸ்கேல் (ஆக்சைடு படலம்). ஆனா கன்ட்ரோலர் ராத்திரி முழுக்க 948, 950ன்னு தான் காட்டிருக்கு, ரெக்கார்டர்லயும் நேர்கோடு. 980க்கு வச்ச அலாரம் அடிக்கவே இல்ல. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி தான் சைடு வால்ல ஃபைபர் புதுசா அடைச்சோம். வெண்டர் கன்ட்ரோலர் பழசாயிடுச்சு, புது பிஐடி கன்ட்ரோலர் போடுங்கன்றார். மேனேஜ்மென்ட் ஆபரேட்டர் தூங்கிட்டாருன்னு சொல்லுது. திரும்ப இப்படி ஆகாம இருக்க என்ன பண்ணணும்? வளைஞ்ச ட்ரேயை நிமித்தி ஓட்டலாமா?

பதில்:

தம்பி, வணக்கம். வெண்டர் சொன்னதை இப்போதைக்கு ஓரமா வைங்க. ராத்திரி முழுக்க டிஸ்ப்ளே 948லயே நின்னுச்சு, அலாரமும் அடிக்கலன்னு எழுதிருக்கீங்க பாருங்க, கேஸே அந்த ஒரு வரியில தான் இருக்கு. எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆகியோ கான்டாக்டர் (காந்தத்தால இயங்குற பவர் ஸ்விட்ச்) ஒட்டிக்கிட்டோ ஓவர்ஹீட் ஆகிருந்தா டிஸ்ப்ளே 980ஐத் தாண்டி 1000, 1050ன்னு ஏறிருக்கும், அலாரம் கத்திருக்கும், ரெக்கார்டர்ல கோடு மேல போயிருக்கும். எதுவுமே ஆகல. அப்போ உங்க கன்ட்ரோலர் அன்னிக்கு ராத்திரி தன் வேலையை ரொம்ப ஒழுங்கா பாத்திருக்கு, தனக்கு வந்த சிக்னலை 950ல பிடிச்சு வச்சிருக்கு, வந்த சிக்னல் தான் பொய். அந்த இடத்துல புது பிஐடி போட்டாலும் அதே 948ஐ இன்னும் பளிச்சுன்னு காட்டும், அவ்வளவு தான். தெர்மாமீட்டர் கெட்டுப்போனதுக்கு டாக்டரை மாத்துற கதை இது.

ஃபர்னஸ் ஓவர்ஹீட் ஆகுறதுக்கு வழி பெரும்பாலும் ரெண்டு தான். சூட்டை அளக்குறது குறைச்சுக் காட்டணும், இல்ல பவரைக் கட் பண்ண வேண்டியது கட் பண்ணாம நிக்கணும். உங்களோடது முதல் வழி. ஆனா ரெண்டுக்குமே உங்க செட்டப்ல தடுப்பு இல்ல, ஏன்னா அளக்குறதும் ஓட்டுறதும் காப்பாத்துறதும் ஒரே தெர்மோகப்பிள், ஒரே கன்ட்ரோலர். அந்த 980 அலாரமும் அதே கன்ட்ரோலருக்குள்ள இருக்கிற ரிலே தானே, கன்ட்ரோலருக்கே தெரியாத சூடு அலாரத்துக்கு எப்படித் தெரியும்? இதை மாத்தாம வேற எதை மாத்தினாலும் அடுத்த சம்பவத்துக்கு நாள் எண்ண வேண்டியது தான்.

முதல்ல நடந்தது என்னன்னு கண்டுபிடிப்போம். என் சந்தேகம் அந்த ஃபைபர் வேலை மேல தான். ஃபைபர் அடைக்கும்போது தெர்மோகப்பிளை வெளிய உருவிருப்பாங்க, அடைச்சு முடிச்சதும் திரும்பச் சொருகிருப்பாங்க, புது ஃபைபர் இறுக்கமா இருக்கும், தெர்மோகப்பிளோட உறை ட்யூப் முழுசா உள்ள போகாது, போன வரைக்கும் போதும்னு விட்டிருப்பாங்க. தெர்மோகப்பிள் காட்டுறது ஃபர்னஸ் சூட்டை இல்ல, தன்னோட நுனி எங்க இருக்கோ அந்த இடத்து சூட்டைத் தான். உங்க சுவர் 25 செ.மீ. கனம்னு வைங்க, உள்பக்கம் 950, வெளித்தகடு 60ன்னா சுவருக்குள்ள ஒவ்வொரு செ.மீ.க்கும் ஏறக்குறைய 35 டிகிரி இறங்குது. நுனி உள்முகத்துல இருந்து 5 செ.மீ. பின்னாடி சுவருக்குள்ள நின்னுச்சுன்னா, அந்த நுனியை 948க்குக் கொண்டு வர உள்ள 1170 வரைக்கும் போயாகணும். இது தோராயக் கணக்கு தான், ட்யூப் வழியா கொஞ்சம் சூடு கடத்தும், அது இதுன்னு கூடக் குறைய இருக்கும், ஆனா அளவு புரியுதில்ல? சேம்பர் 1170ன்னா எலிமென்ட்டோட மேற்பரப்பு அதைவிட நூறு டிகிரியாவது கூட இருக்கும். 80/20 நைக்ரோமோட (80 பங்கு நிக்கல், 20 பங்கு க்ரோமியம்) உச்ச வரம்பே எலிமென்ட் சூட்டுல 1200 தான். தொங்காம என்ன பண்ணும்.

அதனால ட்யூபை இப்போ உருவுறதுக்கு முன்னாடி வெளிய எவ்வளவு நீட்டிட்டு இருக்குன்னு அளந்து எழுதிக்கோங்க, அப்புறம் உருவி மொத்த நீளத்தை அளங்க, அதுல வெளிய நீட்டினதையும் சுவர் கனத்தையும் கழிச்சா நுனி எங்க நின்னதுன்னு தெரிஞ்சிடும். ஏற்கனவே உருவிட்டீங்கன்னா ட்யூப் மேல நிறம் மாறின இடத்தைப் பாருங்க, சூட்டுல நின்ன பாகமும் ஃபைபருக்குள்ள நின்ன பாகமும் தனித்தனியாத் தெரியும். நுனி சுவரைத் தாண்டி உள்ள ட்யூப் விட்டத்தைப் போல குறைஞ்சது 10 மடங்கு நீட்டிட்டு இருக்கணும், 20 மி.மீ. ட்யூப்னா 200 மி.மீ. இடம் இல்லாத ஃபர்னஸ்ல ட்யூபை மெலிசாக்குங்க, ஆழத்தைக் குறைக்காதீங்க. ட்யூப்ல காலர் போட்டு ஸ்க்ரூ இறுக்கி, சுவரை ஒட்டின இடத்துல ஒரு பெயின்ட் மார்க் வச்சுடுங்க. யாராவது இழுத்தா, இடிச்சா, சரியா சொருகாம விட்டா மார்க் வெளிய வந்து நிக்கும், ஷிஃப்ட் மாறும்போது ஒரு பார்வை பாத்தா போதும். நுனிக்கு முன்னாடி ஃபைபர் புடைச்சுட்டு வந்து அதை மூடலையான்னும் உள்ள எட்டிப் பாருங்க, அதுவும் நடக்கிறது தான்.

ஆழம் சரியா இருந்தா அடுத்த சந்தேகம் அந்த கே டைப் கம்பி. கே டைப்ல ஒரு நோய் இருக்கு, க்ரீன் ராட்ன்னு சொல்லுவாங்க. பாசிட்டிவ் கம்பி நிக்கல் க்ரோமியம். ஆக்சிஜன் கம்மியா இருக்கிற இடத்துல, சுமார் 800ல இருந்து 1050 வரைக்கும் உள்ள சூட்டுல, அதுல இருக்கிற க்ரோமியம் மட்டும் தனியா ஆக்சைடு ஆகி வெளிய வரும், கம்பி பச்சையா ஆகும், மில்லிவோல்ட் குறைஞ்சிட்டே போகும், ரீடிங் கம்மியா காட்டும், கன்ட்ரோலர் கூட பவர் கொடுக்கும். உங்க 950 அந்த ரேஞ்சுக்கு நட்ட நடுவுல இருக்கு. மெலிசான, நீளமான, அடிமூடின ட்யூபுக்குள்ள காத்தோட்டம் இல்லாம இருந்தா இது வேகமா வரும். கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். நல்ல கே டைப்ல நெகட்டிவ் கம்பி காந்தத்துல ஒட்டும், பாசிட்டிவ் ஒட்டாது. பழைய தெர்மோகப்பிளை உடைச்சு ரெண்டு கம்பியும் ஆறினப்புறம் சூடு பட்ட நீளம் முழுக்க காந்தத்தை நகத்திப் பாருங்க, பாசிட்டிவ்லயும் ஒட்டுச்சுன்னா அந்தக் கம்பி செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஆனா இந்த நோய் மெதுவா வரும், ஒரு ராத்திரியில எலிமென்ட் தொங்குற அளவுக்கு வராது. அதான் என் ஓட்டு இன்னும் அந்த ஃபைபர் வேலைக்கே.

மூணாவது கேபிள். தெர்மோகப்பிள்ல இருந்து பேனலுக்கு வர்ற காம்பென்சேட்டிங் கேபிள் ரெண்டு முனையிலயும் பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டிருந்தா யாருக்கும் தெரியாது, ஏன்னா ரெண்டு தப்பு சேர்ந்து டிஸ்ப்ளே சரியான திசையில ஏறும். ஹெட் (தெர்மோகப்பிளோட கேபிள் சேர்ற டப்பா) 80 டிகிரி, பேனல் 35 டிகிரின்னா வித்தியாசம் 45, ரீடிங் அதுக்கு ரெண்டு மடங்கு, அதாவது 90 டிகிரி கம்மியா காட்டும். அவசரத்துக்கு சாதாரண காப்பர் வயர் போட்டிருந்தா 45 கம்மி. ஹெட் எவ்வளவு சூடாகுதோ அவ்வளவு பொய். கலர்லயும் ஒரு வில்லங்கம் இருக்கு, அமெரிக்கன் கோட்ல சிவப்பு தான் நெகட்டிவ், நம்ம எலக்ட்ரீஷியன் கை தானா சிவப்பைக் கொண்டுபோய் பிளஸ்ல மாட்டும். ஐஇசி கோட்ல கே டைப் பச்சை, நெகட்டிவ் வெள்ளை. கலரை நம்பாதீங்க, கேபிளும் கே டைப் கம்பியிலயே செஞ்சதுன்னா அங்கயும் காந்தத்தை வச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் பண்ற வேலை: பழைய தெர்மோகப்பிளை உருவி லேபுக்கு அனுப்பி கேலிப்ரேஷன் சர்டிபிகேட் வாங்கி திரும்பப் போடுறது. சூட்டுல ரொம்ப நாள் ஓடின கே டைப்புக்கு இது வீண் வேலை. தெர்மோகப்பிள்ல மில்லிவோல்ட் பிறக்கிறது நுனியில இல்ல, சூடு ஏறி இறங்குற கம்பி நீளத்துல. கெட்டுப்போன அந்தத் துண்டு உங்க ஃபர்னஸ்ல சுவருக்குள்ள நிக்கும், லேப்ல வேற ஆழத்துல சொருகும்போது அது முழுக்க ஒரே சூட்டுக்குள்ள போயிடும், பாஸ்னு வந்துடும். அதனால செக் பண்ணணும்னா அது ஃபர்னஸ்லயே, ஓடுற சூட்டுல, பக்கத்துல ஒரு புது டெஸ்ட் தெர்மோகப்பிளை நுனிக்கு நுனி சேர்த்து வச்சுப் பண்ணணும். ஏரோஸ்பேஸ் ஜாப் பண்றவங்க ஏஎம்எஸ் 2750ங்கிற ஸ்டாண்டர்ட் படி செய்ற சிஸ்டம் அக்யூரசி டெஸ்ட்டும் அடிப்படையில இது தான். உங்களுக்கு ஆடிட் இல்லாட்டியும் மாசம் ஒரு தடவை பண்ணுங்க, வித்தியாசத்தை ஒரு நோட்ல எழுதுங்க, 3, 5, 9ன்னு ஏறிட்டே வந்தா மாத்த வேண்டிய நேரம். கே டைப்பை செலவாகுற பொருளா நினைங்க. புதுசு வாங்கும்போது என் (N) டைப் வாங்கிப் பாருங்க, இந்த ரேஞ்சுல கே டைப்பைவிட நிலையா நிக்கும். ஆனா கன்ட்ரோலர்ல இன்புட் செட்டிங்கும் கேபிளும் சேர்த்து மாத்தணும், கே டைப் செட்டிங்ல என் டைப்பை மாட்டினா அதுவே பெரிய பொய்யாயிடும்.

சரி, இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். உங்களுக்கு வேண்டியது ஒரு தனி ஓவர்டெம்பரேச்சர் லிமிட் கன்ட்ரோலர். தனி தெர்மோகப்பிள், தனி கேபிள், தனி மீட்டர், அது ட்ரிப் பண்றது எஸ்எஸ்ஆரை இல்ல, அதுக்கு முன்னாடி லைன்ல இருக்கிற ஒரு தனி மெயின் கான்டாக்டரை. கன்ட்ரோலர் தினமும் எதை ஆன் ஆஃப் பண்ணுதோ அதையே லிமிட்டும் பண்ணினா பிரயோஜனம் இல்ல, ஒட்டிக்கிட்ட சாமானை ரெண்டு பேர் சேர்ந்து திற திறன்னாலும் திறக்காது. லிமிட் ரிலே, கான்டாக்டர் காயில் சப்ளையோட சீரியஸ்ல வரணும். எல்லாம் நல்லா இருந்தா தான் காயிலுக்கு கரண்ட் போகணும், வயர் அறுந்தாலோ மீட்டர் செத்தாலோ சப்ளை போனாலோ கான்டாக்டர் தானா விழணும். அமெரிக்க ஸ்டாண்டர்ட் என்எஃப்பிஏ 86 இதைத் தெளிவா கேக்குது: லிமிட் தனியா இருக்கணும், ட்ரிப் ஆனா ஆள் வந்து கையால தான் ரீசெட் பண்ணணும், லிமிட்டோட சென்சார் கெட்டாலும் ஓவர்ஹீட் ஆன மாதிரியே கட் ஆகணும். சர்வதேச அளவுல ஐஎஸ்ஓ 13577ன்னு ஒரு வரிசை இருக்கு, இண்டஸ்ட்ரியல் ஃபர்னஸ் சேஃப்டிக்குன்னே.

கையால ரீசெட் எதுக்குன்னு கேப்பீங்க. லிமிட் தானா ரீசெட் ஆகுற மாதிரி வச்சா என்ன ஆகும்னா, எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆன ராத்திரி லிமிட் 1000ல கட் பண்ணும், 990ல திரும்ப ஆன் பண்ணும், இப்படியே விடிய விடிய ஓடும். காப்பாத்த வச்சது ராத்திரியோட ராத்திரியா 1000 டிகிரி கன்ட்ரோலர் ஆயிடும், காலைல யாருக்கும் ஒண்ணும் தெரியாது, ஜாப் மட்டும் ரிஜெக்ட் ஆகும். லாட்ச் ஆகி நிக்கணும், ஒரு ஆள் வந்து ஏன்னு கேக்கணும். வெறும் சைரன் மட்டும் வச்சாலும் போதாது, சைரன்ல துணி அடைச்சு வச்சிருக்கிற யூனிட் எத்தனையோ இருக்கு.

லிமிட் தெர்மோகப்பிளை எங்க வைக்கிறதுன்னு கொஞ்சம் யோசிங்க. கன்ட்ரோல் தெர்மோகப்பிள் ஜாப் பக்கம் இருக்கட்டும், லிமிட் எலிமென்ட் பக்கம், எப்பவும் அதிகமா சூடாகுற மூலையில இருக்கட்டும். கன்ட்ரோல் போகிற அதே ஓட்டையில ரெண்டையும் சேர்த்து விடாதீங்க, ஒரு ஆள் ஒரு தடவை ஃபைபர் அடைக்கிறப்போ ரெண்டும் ஒண்ணா வெளிய வந்துடும். ரெண்டும் ஒரே நாள்ல வாங்கின ஒரே கே டைப்பா இருந்தா ஒரே வேகத்துல சேர்ந்து கெடும், ரெண்டும் ஒத்துமையா பொய் சொல்லும். ஒண்ணு கே, ஒண்ணு என் வைங்க, இல்லாட்டி மாத்துற மாசத்தையாவது தள்ளித் தள்ளி வைங்க. ரெண்டு ரீடிங்கும் ஒரே ரெக்கார்டர்ல போகட்டும். சாதாரண நாள்ல ரெண்டுக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் இருக்கும், உதாரணத்துக்கு லிமிட் 15 டிகிரி கூட காட்டும்னு வைங்க, அது 40 ஆனா ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு அப்புறம் தேடிக்கலாம், முதல்ல நிறுத்துங்க. உங்க சம்பவத்துல இந்த ஒண்ணு இருந்திருந்தாலே முதல் ஒரு மணி நேரத்துல பிடிபட்டிருக்கும். லிமிட் செட்டிங், அது நிக்கிற இடத்துல வழக்கமா வர்ற ரீடிங்குக்கு மேல 30, 40 டிகிரி போதும், ஆனா எலிமென்ட், ட்ரே, லைனிங் மூணுல எதோட வரம்பு குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ரொம்ப ஒட்டி வச்சா சும்மா சும்மா ட்ரிப் ஆகும், மூணாவது நாள் யாராவது ஜம்பர் வயர் போட்டுடுவாங்க. செட்டிங்குக்கு பாஸ்வேர்டு வச்சு ஒருத்தர் கையில மட்டும் கொடுங்க.

போட்டா மட்டும் பத்தாது, டெஸ்ட் பண்ணணும். ஃபர்னஸ் சூடா ஓடுறப்போ லிமிட் செட்பாயின்ட்டை இப்போ இருக்கிற சூட்டுக்குக் கீழ இறக்குங்க, கான்டாக்டர் டப்புன்னு விழணும். அப்புறம் செட்டிங்கை மேல ஏத்தினாலும் ரீசெட் அமுக்காம திரும்ப எடுக்கக் கூடாது. அடுத்து லிமிட் மீட்டர்ல தெர்மோகப்பிள் வயர் ஒண்ணைக் கழட்டுங்க, விழணும். கன்ட்ரோலர்லயும் அதே மாதிரி வயரைக் கழட்டிப் பாருங்க, டிஸ்ப்ளே உச்சத்துக்குப் போய் அவுட்புட் பூஜ்யம் ஆகணும். சில கன்ட்ரோலர்ல இந்த செட்டிங் தலைகீழா, கீழ போற மாதிரி இருக்கும், வயர் அறுந்தா ஃபர்னஸ் குளிர்ந்துடுச்சுன்னு நெனச்சு முழு பவரும் அடிக்கும், அதை முதல்ல மாத்துங்க. நீங்க பேனலைத் திறந்து வேலை பாக்குறவர், லைவ் டெர்மினல்ல கவனம்னு நான் சொல்லத் தேவையில்ல. மாசம் ஒரு தடவை இதைப் பண்ணி கையெழுத்துப் போட்டு வைங்க.

கன்ட்ரோலரைத் தூக்கிப் போட வேண்டாம்னு சொன்னேன்ல, அதுக்குள்ள நீங்க பயன்படுத்தாத ரெண்டு விஷயம் இருக்கலாம், மேனுவலைப் பாருங்க. ஒண்ணு லூப் பிரேக் அலாரம். முழு பவர் கொடுத்தும் இத்தனை நிமிஷத்துல ரீடிங் ஏறலன்னா ஏதோ தப்புன்னு கட் பண்ணும். தெர்மோகப்பிள் முழுசா வெளிய விழுந்தாலோ கேபிள் நடுவுல நசுங்கி ஷார்ட் ஆனாலோ இது பிடிக்கும். ஷார்ட் ஆன இடத்து சூட்டைத் தான் அது காட்டும், 40 டிகிரில நின்னுட்டு இருக்கும். உங்களுக்கு ஆன மாதிரி பாதி ஆழத்துல நின்னு பொய் சொன்னா இது பிடிக்காது. இன்னொண்ணு அவுட்புட் லிமிட். 950ல நிக்க 40 சதவீதம் போதும்னா எதுக்கு 100 வரைக்கும் விடணும், சூடேற்றும் நேரம் பாதிக்காத அளவுக்கு 75, 80ல கட்டி வைங்க, தப்பு நடந்தாலும் மெதுவா நடக்கும். எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆயிட்டா மட்டும் இதுக்கு அர்த்தம் இல்ல.

அந்த அவுட்புட் சதவீதத்தைப் பத்தி இன்னும் ஒண்ணு சொல்லணும், என்னைக் கேட்டா ஃபர்னஸ்ல நம்பக் கூடிய நம்பர் அது தான். அதே லோடு, அதே செட் டெம்பரேச்சர், சூடு நிலைச்சு நின்னப்புறம் அவுட்புட் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்கணும். 40ல நின்னது ரெண்டு வாரத்துல 46ன்னா, ஒண்ணு லைனிங்லயோ கதவுலயோ சூடு வெளிய போகுது, இல்ல சப்ளை வோல்டேஜ் இறங்கிருக்கு, இல்ல எலிமென்ட் ஏதோ அறுந்திருக்கு, இதெல்லாம் இல்லன்னா தெர்மோகப்பிள் பொய் சொல்லுது, உள்ள உண்மையில சூடு ஜாஸ்தி. உங்க ரெக்கார்டர்ல அவுட்புட்டும் பதிவாகுதான்னு பாருங்க. அன்னிக்கு ராத்திரி டெம்பரேச்சர் நேர்கோடா இருந்தாலும், எலிமென்ட் அறுந்த நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் அவுட்புட் கோடு வழக்கத்தைவிட மேல நின்னிருக்கும். 950ல 40ன்னா 1170, 1200ல நிக்க 50ஐத் தாண்டியிருக்கணும். ஃபைபர் அடைச்ச வாரத்துக்கு முன்னாடி பின்னாடி ஒப்பிட்டுப் பாருங்க, மேனேஜ்மென்ட்கிட்ட காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எஸ்எஸ்ஆர் பக்கம் உங்களுக்கு இன்னும் பிரச்சனை வரல, வரும். எஸ்எஸ்ஆர் செத்தா பெரும்பாலும் ஷார்ட் ஆகித் தான் சாகும், அதாவது ஆன் ஆகியே நிக்கும், ஃபர்னஸுக்கு இதைவிடக் கெட்ட சாவு இல்ல. ஒரு ஆம்பியருக்கு 1ல இருந்து 1.5 வாட் வரைக்கும் சூடு அதுக்குள்ளயே உருவாகும், 60 ஆம்பியர்னா 90 வாட் வரைக்கும், ஒவ்வொரு எஸ்எஸ்ஆருக்கும். ஹீட்சிங்க்ல தூசி, பேனல் ஃபேன் நின்னு போச்சு, ஃபில்டர் அடைச்சிடுச்சுன்னா ஆயுசு முடிஞ்சது. ஹீட்சிங்க்கைக் கழட்டினா பேஸ்ட் புதுசா தடவணும், பேனலை ஃபர்னஸ் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. வாரம் ஒரு தடவை அவுட்புட் பூஜ்யத்துல இருக்கும்போது மூணு ஃபேஸ்லயும் க்ளாம்ப் மீட்டர் வச்சுப் பாருங்க, மில்லி ஆம்பியர் கசிவு இருக்கலாம், ஆம்பியர் கணக்குல வந்தா எஸ்எஸ்ஆர் போச்சு. நிறைய பேனல்ல ரெண்டு ஃபேஸ்க்கு மட்டும் எஸ்எஸ்ஆர் போட்டு மூணாவதை நேரா விட்டிருப்பாங்க, அதுல ஒரு எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆனாலே அந்த ஃபேஸ்க்கும் நேரா விட்ட ஃபேஸ்க்கும் நடுவுல கரண்ட் ஓடும்.

எலிமென்ட் மாத்தப் போறீங்கல்ல, அறுந்த பக்கத்தை மட்டும் மாத்தி மத்ததை அப்படியே விடுறதுக்கு முன்னாடி மூணு ஃபேஸோட ரெசிஸ்டன்ஸையும் அளந்து பாருங்க, தொங்காத எலிமென்ட்டும் அன்னிக்கு அதே சூட்டுல தான் நின்னுச்சு. அப்புறம் அந்த ஃபைபர் அடைச்ச வேலை. எலிமென்ட்டை ஒட்டி, அதோட வளைவுக்குள்ள எல்லாம் ஃபைபரைத் திணிச்சிருந்தா அந்த இடத்துல சூடு வெளிய போக வழியில்லாம எலிமென்ட் அங்க மட்டும் வெந்து போகும். சேம்பர் சூடு சரியா இருந்தாலும் இது நடக்கும், டிஸ்ப்ளே காட்டாது. அறுந்த ரெண்டு இடமும் ஃபைபர் அடைச்ச இடத்துலயே இருக்கான்னு பாருங்களேன். ஜாப்பை எலிமென்ட்டுக்கு நெருக்கமா அடுக்கினாலும் இதே கதை தான். நைக்ரோமுக்கு பதிலா காந்தால் ஏ-1 மாதிரி இரும்பு க்ரோமியம் அலுமினியம் எலிமென்ட் போட்டா 1400 வரைக்கும் தாங்கும், பாதுகாப்பு இடைவெளி கூடும், ஆனா ஒரு தடவை சூடானப்புறம் குளிர்ந்த நிலையில மொறுமொறுன்னு உடையும், தொட்டு நிமித்த முடியாது. அதைத் தாங்கி நிக்கிற பிரிக், ஹூக் எல்லாம் அதுக்கு ஏத்ததா இருக்கணும், சும்மா கம்பியை மட்டும் மாத்துற வேலை இல்ல. லிமிட் போடாம எலிமென்ட் க்ரேடை மட்டும் ஏத்தினா அடுத்த தடவை எலிமென்ட் பிழைச்சு ட்ரேயும் லைனிங்கும் போகும்.

லைனிங்கைப் பத்தி: 1260 க்ரேடு ஃபைபர்னா 1260ல தொடர்ந்து ஓட்டலாம்னு அர்த்தம் இல்ல, அது வகைப்படுத்துற நம்பர், தொடர்ந்து ஓட்ட அதைவிட நூத்தைம்பது டிகிரி கீழ தான் நல்லது. அன்னிக்கு அதைத் தாண்டிருக்கலாம். தாண்டினா சுருங்கும், இணைப்பு இணைப்பா வாய் பிளக்கும், வெளித்தகடுல அந்த இடம் தனியா சூடாகும். புது எலிமென்ட் போட்டு முதல் தடவை ஓட்டும்போது தெர்மல் கேமராவுல சுத்திப் பாத்து படம் எடுத்து வைங்க, மாசா மாசம் அதே இடம், அதே நேரம். பளபளன்னு அலுமினியம் பெயின்ட் அடிச்ச தகடை கேமரா குறைச்சுக் காட்டும், பாக்குற இடங்கள்ல மட்டும் மேட் கருப்பு வட்டம் அடிச்சுடுங்க. சூட்டுல ஓடின பழைய ஃபைபரைப் பிய்க்கும்போது முகத்துல துணி கட்டினா போதாது, அதுல ஒரு பங்கு க்ரிஸ்டோபலைட் சிலிக்காவா மாறிருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சு நனைச்சு, சரியான ரெஸ்பிரேட்டர் மாட்டிட்டுப் பண்ணச் சொல்லுங்க.

கேஸ், ஆயில் ஃபர்னஸ் வச்சிருக்கிறவங்களும் இதைப் படிப்பீங்க, உங்களுக்கும் விஷயம் இதே தான், லிமிட் ட்ரிப் பண்ண வேண்டியது கான்டாக்டருக்கு பதிலா எரிபொருள் சேஃப்டி ஷட்ஆஃப் வால்வை, கன்ட்ரோல் வால்வை இல்ல. கூடுதலா ஒண்ணு, பர்னர் கோணம் மாறி ஃப்ளேம் நேரா சுவர்லயோ ஜாப்லயோ படுதான்னு பீப் ஹோல் வழியா பாருங்க, தெர்மோகப்பிள் சராசரியைக் காட்டிட்டு இருக்கும், ஃப்ளேம் படுற இடம் மட்டும் வெந்துட்டு இருக்கும்.

ஆபரேட்டர் விஷயம். தூங்கினாரோ இல்லையோ, முழிச்சிருந்தாலும் டிஸ்ப்ளே 948, அலாரம் இல்ல, ரெக்கார்டர் நேர்கோடு, அவர் என்ன பண்ணிருப்பார்? எல்லாம் சரியா இருக்குன்னு தான் எழுதிருப்பார். ஒரே ஒரு வழி இருந்துச்சு, கண்ணு. 950ல உள்ள ஆரஞ்சா இருக்கும், 1200 பக்கம் போனா மஞ்சளாயிடும். பழகின கண்ணுக்கு அந்த வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், ஆனா அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. ரவுண்ட்ஸ் ஷீட்ல பீப் ஹோல் கலர்னு ஒரு கட்டம் சேருங்க, கண்ணாடி போட்டுட்டுப் பாக்கச் சொல்லுங்க, அதோட பெயின்ட் மார்க், அவுட்புட் சதவீதம், லிமிட் ரீடிங் நாலையும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதட்டும்.

ட்ரேயை நிமித்த வேண்டாம். வார்ப்பு ஹீட் ரெசிஸ்டன்ட் அலாய் பல நாள் சூட்டுல ஓடினப்புறம் அறை வெப்பத்துல உடையுற மாதிரி ஆயிடும், ப்ரெஸ்ல வச்சு அமுக்கினா அங்கயே விரியும், இல்லாட்டி கண்ணுக்குத் தெரியாத விரிசலோட உள்ள போய் லோடோட எலிமென்ட் மேல சாயும். ஃபேப்ரிகேட் பண்ண ட்ரேயா, வளைவு கொஞ்சமான்னா சூடாக்கி நிமித்தி, டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டுற சாயம்) போட்டு வெல்டெல்லாம் பாத்துட்டு கம்மி லோடுக்கு வச்சுக்கலாம், அதுவும் ஒரு தற்காலிக ஏற்பாடு தான். எல்லாம் மாத்தி முடிச்சதும் முதல் ஹீட் காலியா ஓட்டுங்க, 300, 600, 800ன்னு நிறுத்தி நிறுத்தி ஏத்துங்க, ஒவ்வொரு நிறுத்தத்துலயும் கன்ட்ரோல், லிமிட், டெஸ்ட் தெர்மோகப்பிள் மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக்கோங்க, 950ல லிமிட்டை ட்ரிப் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் ஜாப் ஏத்துங்க. ட்யூப் நுனி எங்க நின்னுச்சு, காந்தம் எதுல ஒட்டுச்சுன்னு எழுதி அனுப்புங்க, கேபிள் பக்கம் இன்னும் தோண்டணுமான்னு சொல்றேன்.